கரை ஒதுங்காத நஞ்சு

எண்ணூரில் எண்ணெய் கொட்டினால் நாடு பார்க்கிறது. திண்டுக்கல் கிணறுகளுக்குள் இறங்கியதை யார் பார்ப்பது?

என் மாமா வீட்டில் பருப்பு வேகாது. ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் தோட்டத்துக்குள் இருக்கிறது அந்த வீடு. பள்ளிக்கூட நாட்களில் முழுப்பரீட்சை லீவுக்கு அங்கே போய் இறங்கியதும் அத்தை முதலில் கேட்பது, "தண்ணி கொண்டாந்தியா?" என்றுதான். கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பைப் போட்டு மத்தியானம் வரை கொதிக்கவிட்டாலும் விதை விதையாகவே கிடக்கும். அந்தத் தண்ணீர் கலந்து காய்ச்சினால் பால் திரிந்துபோகும். துணியில் எவ்வளவு சோப்பைத் தேய்த்தாலும் நுரை கட்டாது. குளித்துவிட்டு வெயிலில் நின்றால் முழங்கையில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அலுமினியக் குண்டான்களின் அடியில் ஊசி குத்தியதுபோலச் சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்திருக்கும். அவற்றில் கோழித் தீவனம் போட்டு வைத்திருப்பார் அத்தை.

தோட்டத்துத் தென்னைகளில் காய் சிறுத்தது. பிறகு குரும்பையிலேயே கொட்டியது. நெல் முதலில் போனது, பின்னால் மிளகாய் போனது. கடைசியில் கிணற்றில் இருந்த மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டார் மாமா.

2017 ஜனவரி கடைசியில் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் எண்ணூர்ச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். கருங்கல் தடுப்பின் இடுக்குகளில் தார்போல எண்ணெய் அப்பிக் கிடந்தது. கல்லூரிப் பிள்ளைகளும் மீனவர்களும் வரிசையாக நின்று அதை வாளியில் அள்ளிக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த மாமா, "அவுகளுக்காவது கண்ணுக்குத் தெரியுது மாப்ள. நமக்கு அதுவும் தெரியல" என்றார்.

இந்தக் கட்டுரை அந்தச் சொல்லில் இருந்துதான் பிறந்தது.

கடலில் கொட்டும்போது

2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. பிடபிள்யூ மேப்பிள் சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. டான் காஞ்சிபுரம் பெட்ரோலியப் பொருளோடு உள்ளே வந்துகொண்டிருந்தது. கசிவு எதுவும் இல்லை என்றுதான் துறைமுகம் முதலில் சொன்னது. எர்ணாவூர்க் கரையில் கறுப்பாக அலை அடித்த பிறகு அந்தப் பேச்சு எடுபடவில்லை. உறிஞ்சி எடுக்கக் கொண்டுவந்த இயந்திரத்தால் அந்தக் கெட்டியான எரியெண்ணெயை இழுக்க முடியவில்லை. மனிதக் கைகள் வாளியோடு இறங்கின.

ஏழு ஆண்டுகூட ஆகவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்குள் நுழைந்து படகு, வலை, அலையாத்தி மரம், கூழைக்கடா என்று எல்லாவற்றின் மேலும் படிந்தது. தங்கள் குழாய் எதிலும் கசிவு இல்லை என்றது அங்குள்ள சென்னை பெட்ரோலியம் நிறுவனம். சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்தே எண்ணெய் வெளியேறியது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, யாரும் மனுப் போடுவதற்குக் காத்திராமல் தானாகவே வழக்கை எடுத்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. மொத்தம் எட்டரைக் கோடிக்குக் கொஞ்சம் மேல்.

முகத்துவாரத்து இறாலும் நண்டும் ஒரு குடும்பத்துக்கு எத்தனை வருடம் சோறு போடும் என்று கணக்குப் பார்த்தால் 12,500 ரூபாய் எத்தனை நாளுக்கு வரும் என்று தெரியும். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே கோபப்படுவதற்கு ஓர் இடம் இருந்தது, கேள்வி கேட்பதற்கு ஒரு பெயர் இருந்தது. கப்பலுக்குப் பெயர் உண்டு, கொடி உண்டு, காப்பீடு உண்டு. ஆலைக்குக் கேட் உண்டு. கேட் முன்னால் போய் உட்காரலாம்.

கோபம் பெரிதானால் பணம் எவ்வளவு வேகமாக வரும் என்பதை 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம் உலகத்துக்குக் காட்டியது. அந்த ஏப்ரல் 20-ஆம் தேதி மெக்ஸிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். பிபி நிறுவனத்தின் எண்ணெய்க் கிணறு 87 நாள் பீறிட்டது. அமெரிக்க மக்களின் கோபம் பெட்ரோல் பங்க் வாசல் வரை வந்தது. வெடித்த இரண்டே மாதத்துக்குள், ஜூன் 16 அன்று, 2,000 கோடி டாலரை இழப்பீட்டு நிதியாக ஒதுக்க பிபி நிறுவனம் சம்மதித்தது. அதற்கு ஒன்பது நாள் முன்னால், ஜூன் 7 அன்று, நம் நாட்டில் போபால் வழக்கின் தீர்ப்பு வந்திருந்தது. நச்சு வாயு கசிந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு ஏழு இந்திய அதிகாரிகளுக்கு இரண்டு ஆண்டு சிறை, அன்றைக்கே ஜாமீன். ஆயிரமாயிரம் உயிர்களுக்கு யூனியன் கார்பைடு 1989-இல் கொடுத்து முடித்துக்கொண்ட தொகை 47 கோடி டாலர். அந்த இரண்டு செய்திகளையும் ஒரே மாதத்தில் படித்தபோது வந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை. நிறுவனங்களின் பொறுப்புணர்வு அவற்றின் மனசாட்சியிலிருந்து ஊறி வருவதில்லை. யாருடைய கோபத்துக்கு எவ்வளவு அஞ்ச வேண்டும் என்ற கணக்கில்தான் அது அளந்து ஊற்றப்படுகிறது.

சமவெளியில் இறங்கும்போது

இப்போது திண்டுக்கல்லுக்கு வருவோம்.

மலைக்கோட்டைப் பாறை மேலே ஏறி நின்றால் இந்தச் சமவெளி முழுக்கத் தெரியும். கிழக்கே சிறுமலை, மேற்கே பழனிமலையின் அடுக்குகள், நடுவே காய்ந்த பூமி. கீழ்ப்பழனி மலைகளில் பெய்யும் மழையை வாங்கிக்கொண்டு குடகனாறு இந்த நிலத்தின் ஊடாக வடக்கே போகிறது. ஆத்தூர் காமராஜர் அணையும் இதே நீரோட்டத்தின் பிள்ளைதான். வேடசந்தூர்ப் பக்கம் அழகாபுரி அணையைத் தாண்டி அமராவதியில் சேர்கிறது ஆறு. வருடத்தில் பாதி நாளுக்கு மேல் அதில் மணல்தான் ஓடும். அதனால் இங்கே விவசாயம் என்றால் கிணறு. கிணறு கெட்டால் எல்லாம் கெட்டது.

பூட்டும் பிரியாணியும் இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கூலி கொடுத்தது தோல். ஊரில் 'தோல் ஷாப்பு' என்பார்கள். பேகம்பூரிலிருந்து வத்தலக்குண்டு சாலை, பொன்மாந்துறை என்று அந்த வாசனை பஸ் ஜன்னல் வழியாகவே இடத்தைச் சொல்லிவிடும். அந்த ஷாப்புகளில் குழிக்குள் இறங்கி நின்ற மனிதர்களின் வாழ்வையும் அவர்கள் சங்கம் கட்டிப் போராடியதையும் சொல்கிறது டி. செல்வராஜின் 'தோல்' நாவல். 2012-இல் அதற்குச் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. வெளியூர் நண்பர்கள் இந்த ஊரைப் பற்றிக் கேட்டால் முதலில் அந்த நாவலைத்தான் நான் சொல்வேன்.

பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் தோலை ஊறவைப்பார்கள். 1970களில் மத்திய அரசு பச்சைத் தோலையும் அரைப்பதத் தோலையும் அப்படியே ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தியது. முழுதாகப் பதனிட்டு, முடிந்தால் செருப்பாகவும் பையாகவும் அனுப்பினால் அந்நியச் செலாவணி கூடும் என்பது கணக்கு. குரோம் முறை பரவியது. பட்டையில் வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது.

எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் கிணறு எப்படிக் கெட்டது என்று புரியும். ஆட்டை அறுத்துத் தோலை உரித்ததும் உப்பைத் தூவியாக வேண்டும், இல்லாவிட்டால் அழுகிவிடும். எனவே ஷாப்புக்கு வரும் ஒவ்வொரு தோலும் உப்பைச் சுமந்தே வருகிறது. அந்த உப்பைக் கழுவுவதுதான் முதல் வேலை. அடுத்தது சுண்ணாம்பு. மயிர் கழல்வதற்கு சோடியம் சல்பைடு. சவ்வைச் சீவியபின் அமிலம், அதோடு மறுபடியும் உப்பு. அதற்குப் பிறகு குரோமியம். சுழலும் பெரிய மர டிரம்மிலிருந்து வெளியே வரும்போது தோல் ஈரமாக, வெளிர்நீலமாக இருக்கும். தொழிலில் அதற்கு 'வெட் புளூ' என்று பெயர். ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர். குரோம் முறையில் சேரும் ரசாயனங்கள் சுமார் 170 வகை. இரண்டும் 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவான எண்கள். தோல் கப்பலேறிப் போகும். 35 லிட்டரும் இங்கேயே தங்கும்.

அது ஓடையில் விடப்பட்டது, குளத்தில் தேங்கியது, மண்ணில் இறங்கியது. கீழே இருப்பது கருங்கல் பாறை. மழை குறைவு. பாறை இடுக்கில் புகுந்த உப்பை அடித்துக்கொண்டு போக இங்கே வற்றாத ஆறும் இல்லை, கடலும் இல்லை.

தோட்டத்தின் கடைக்கோடியில் ஓடிய ஓடை எனக்கு நினைவிருக்கிறது. காலையில் ஒரு நிறம், சாயங்காலம் ஒரு நிறம். கரையோரம் புல் கருகி வெள்ளைப் பொருக்குத் தட்டியிருக்கும். ஒருநாள் கன்றுக்குட்டி அதில் வாய் வைத்துவிட்டது என்று அத்தை பதறி ஓடியதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஓடையில் யார் யாருடைய கழிவு வந்தது என்று அன்றைக்கும் யாராலும் சொல்ல முடியவில்லை. ஓடையின் தலையில் பல ஷாப்புகள். ஒருவரைக் கேட்டால் அடுத்தவரைக் கை காட்டுவார். அதிகாரிகளைக் கேட்டால், "இந்தப் பக்கம் பூமியே உப்புப் பூமிங்க" என்பார்கள். எண்ணூரில் 'கசிவே இல்லை' என்ற சொல்லுக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. அங்கே அலை வந்து அந்தப் பொய்யை உடைத்தது. இங்கே அலை இல்லை.

467 கிணறுகள்

அலை செய்யாத வேலையைச் சிலர் நடந்து செய்தார்கள். பீஸ் மெம்பர்ஸ் என்ற தன்னார்வ அமைப்பு, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஊராட்சி ஒன்றியங்களின் 13 கிராமங்களில் கிணற்றைக் கணக்கெடுத்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நான்கில் மூன்று. பெண்களும் பிள்ளைகளும் குடிதண்ணீருக்கு மைல் கணக்கில் நடக்கிறார்கள் என்றும் பதிவானது. இந்தக் கணக்கு டெல்லி வரை போனது.

வேலூர் மக்கள் நலப் பேரவை 1991-இல் தொடுத்த பொதுநல வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. வழக்கை வேலூர் வழக்கு என்றே எல்லோரும் சொல்கிறோம். ஆனால் தீர்ப்பில் திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் பெயரோடு இருக்கிறது. வட ஆற்காடு, ஈரோடு, திருச்சி, செங்கல்பட்டு மாவட்டங்களோடு ஐந்தில் ஒன்றாக. ஐந்து மாவட்டத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 900 தோல் தொழிற்சாலைகள். ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் மாசு அபராதம் கட்ட வேண்டும், சுத்திகரிப்பு வசதி இல்லாதவை இயங்கக் கூடாது, இழப்பை மதிப்பிடத் தனி ஆணையம் வேண்டும், சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு வேண்டும் என்றெல்லாம் உத்தரவுகள் வந்தன.

அந்தத் தீர்ப்பின் உயிர் அபராதத் தொகையில் இல்லை. கெடுத்தவனே கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று அது உறுதி செய்தது. கொடுக்க வேண்டியது பாதிக்கப்பட்ட மனிதனுக்கு மட்டுமல்ல, கெட்ட மண்ணையும் நீரையும் மீட்டெடுக்கும் செலவையும் சேர்த்து. இன்னொன்றும் சொன்னது: தன்னால் கேடில்லை என்று நிரூபிக்க வேண்டியது தொழில் நடத்துபவரின் கடமை. கிணற்றுக்காரர் பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு அலைந்து, 'இது உங்கள் உப்புதான்' என்று நிரூபிக்க வேண்டியதில்லை. 'இது என் உப்பில்லை' என்று மறுபக்கம் நிரூபிக்க வேண்டும். யாருடையது என்றே தெரியாத ஓடைக்கு இதைவிடப் பொருத்தமான நியாயம் கிடையாது.

சட்டம் வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் வந்தது. ஆனால் உப்புப் போகவில்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் பாக்டீரியா சதைத்துணுக்கைத் தின்னும், கொழுப்பைத் தின்னும். உப்பைத் தின்னாது. உப்பைப் பிரிக்கச் சவ்வூடு பரவல் வேண்டும். அதிலும் மிஞ்சும் செறிந்த கழிவை வற்றக் காய்ச்ச வேண்டும். அதற்கு மின்சாரம், பணம், பிரித்தெடுத்த உப்பைப் போட இடம் எல்லாம் வேண்டும். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் கரைந்த உப்பு இருப்பதே நல்ல குடிநீர் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம். அதற்கு மேல் இருப்பதைக் குடிநீர் என்று சொல்லக் கூடாது.

மலை மேல் இருந்த கோபம்

நிறுவனத்துக்கு ஒற்றை முகம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதே மாவட்டத்தில் ஒரு கதை இருக்கிறது. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் மூடப்பட்ட ஆலையின் இயந்திரங்கள் 1980களில் இங்கே வந்து சேர்ந்தன. 2001 மார்ச் 7 அன்று மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்ததை ஊர்மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் உலகத்துக்குக் காட்டினார்கள். அந்த மாதமே ஆலை நின்றது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. தொழிலாளர்களின் உடல்நலத்துக்குக் கேடு வரவில்லை என்றே நிறுவனம் சொல்லிவந்தது. 2015-இல் இதைப் பற்றிய சோஃபியா அஷ்ரஃபின் ராப் பாடல் வெளியாகி உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்படிக்கை கையெழுத்தானது. பதினைந்து ஆண்டுப் போராட்டம். அத்தனை ஆண்டும் கோபத்துக்கு ஒரே விலாசம் இருந்ததால் அது கலையாமல் நின்றது.

அடிவாரத்தில் எங்களுக்கு அந்த விலாசம் இல்லை. சின்னதும் பெரியதுமாகப் பல ஷாப்புகள். சில கை மாறிவிட்டன, சில மூடிவிட்டன. தோலை வாங்கிச் செருப்புச் செய்து விற்ற வெளிநாட்டு பிராண்டின் பெயரைக் கிணற்றுக்காரர் கேள்விப்பட்டதே இல்லை. மூடச் சொல்லிக் கத்தவும் மனம் வராது. காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு ஷாப்புக்குள் நுழைபவர் பக்கத்துத் தெருக்காரர். அவர் வீட்டுக் குடத்திலும் இதே தண்ணீர்தான். தொழிலாளியின் கூலியையும் விவசாயியின் கிணற்றையும் மோதவிட்டு ஒதுங்கிக்கொள்வது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் மிகப் பழைய வழி. அதற்கு இரண்டு பக்கமும் இடம் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

வேலூர்க்காரர்கள் விடவில்லை. அங்கே 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் என்று ஆணையம் 2001-இல் தீர்மானித்திருந்தது. கால் நூற்றாண்டு நெருங்கியும் எல்லோருக்கும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு உத்தரவிட்டது: ஆறு வாரத்துக்குள் அரசு கொடுக்க வேண்டும், கொடுத்ததைக் கெடுத்தவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும். ஒரு தடவை பணம் கட்டியதோடு பொறுப்பு முடியாது, கெட்ட சூழல் சீராகும் வரை அது தொடரும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. இலங்கையும் இந்தப் பாதையில் வந்திருக்கிறது. 2021-இல் கொழும்புக் கடலில் எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலின் தரப்பு 100 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது.

சூழல் சீராகும் வரை என்பதை எதை வைத்து அளப்பது? திண்டுக்கல்லில் அளவுகோல் தயாராகவே இருக்கிறது. அந்த 467 கிணறுகளை மறுபடி எண்ணுங்கள். 13 கிராமத்திலும், ஒவ்வொரு கிணறாக, மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும். உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் பெயிண்ட்டில் எழுதுங்கள். அடுத்த வருடம் அதன் கீழேயே புது எண்ணை எழுதுங்கள். செலவை மாசு வாரியம் வசூலிக்கும் தொகையிலிருந்து எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவைக் கண்ணுக்குக் காட்ட எனக்குத் தெரிந்த வழி இதுதான். சுவரில் எண் இருந்தால் கோபத்துக்கு ஓர் இடம் கிடைக்கும். கிராமசபையில் எழுந்து நின்று விரல் நீட்டிக் கேட்கலாம்.

போன மாட்டுப்பொங்கலுக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அத்தை இப்போது இருபது லிட்டர் கேன் தண்ணீரில்தான் பருப்புப் போடுகிறார். குக்கரில் ஆறு விசிலில் வெந்துவிடுகிறது. மாமா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். வருடத்துக்கு ஒருதடவை அவர் இதைச் செய்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கயிற்றில் வாளியைக் கட்டி இறக்கி, கொஞ்சம் தண்ணீர் மொண்டு, உள்ளங்கையில் ஊற்றி வாயில் வைத்துப் பார்த்தார். கொப்பளித்துத் துப்பினார்.

"இன்னும் கரிக்குது மாப்ள" என்றார். பிறகு வாளியில் மிச்சம் இருந்ததைத் தென்னை இருந்த குழிக்குள் ஊற்றப் போய், கையை இழுத்துக்கொண்டு, கிணற்றுக்குள்ளேயே திருப்பி ஊற்றினார்.